ரஃப்: ஒன்றரை வருடம் கூடவே வைத்திருந்து பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு லின்டர் என்றாலே ஆகாது. நான் எழுதிய நிரலை ஒரு மென்பொருள் படித்துவிட்டு, இங்கே ஒரு ஸ்பேஸ் குறைகிறது, அங்கே ஒரு வரி நீளம் என்று குற்றப்பத்திரிகை வாசிப்பதைப் பல வருடம் கேட்டுச் சலித்தவன். அதனால் குழுவில் ஒருவர் பைத்தான் ப்ராஜெக்டுக்கு ரஃப் என்ற லின்டரைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டபோது, சரி, இன்னொரு தொல்லை என்றுதான் நினைத்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று இப்போது யாராவது சொன்னால் சண்டைக்கு நானே போவேன். ஆனால் நிறுவிய அன்று இருந்த அமைப்பிலேயே விட்டிருந்தால் எங்களுக்குப் பாதிப் பயன்கூடக் கிடைத்திருக்காது, அதற்கு மறுநாள் நாங்கள் மாற்றிய அமைப்பிலேயே விட்டிருந்தால் ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டிருப்போம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே போய் நின்றோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரஃப் உங்கள் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை, படித்து மட்டும் பார்க்கிறது. எழுத்துகளைத் துண்டுகளாக்கி, அதிலிருந்து நிரலின் அமைப்பை ஒரு மரமாகக் கட்டி, எந்தப் பெயர் எங்கே பிறந்தது, எங்கே பயன்பட்டது என்று கணக்கு வைத்துக்கொண்டு, அந்த மரத்தின் மேல் ஒவ்வொரு விதியாக ஓட்டுகிறது. இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் மூத்தது, பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் சி மொழிக்காக எழுதிய லின்ட். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர், தட்டிவிட்டால் போகிற சமாச்சாரம். பைத்தானில் 2001இல் பெப்-8 என்ற எழுத்துநடைக் கையேடு வந்தது, 2003இல் பைலின்ட் என்ற லின்டர், அப்புறம் ஃப்ளேக்8 என்ற இன்னொரு லின்டர், வெளி நூலகங்களை உள்ளே கொண்டுவரும் இம்போர்ட் வரிகளை வரிசைப்படுத்த ஐசார்ட், பாதுகாப்புக்குப் பேண்டிட், பழைய இலக்கணத்தைப் புதிதாக்கப் பைஅப்கிரேட் என்று ஆளுக்கொரு வேலையாகச் சேர்ந்துகொண்டே போனது. சார்லி மார்ஷ் 2022இல் வெளியிட்ட ரஃப் இவற்றின் விதிகளில் பலவற்றை ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதி ஒரே கருவிக்குள் போட்டிருக்கிறது. 800க்கும் மேல் விதிகள். இலவசம், எம்ஐடி உரிமம்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், பழைய கருவிகளைவிட 10 முதல் 100 மடங்கு என்று ரஃப் செய்தவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். நான் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. பழைய ஃப்ளேக்8ஐயும் அதில் கூடுதல் விதிகளைச் செருகும் அரை டஜன் பிளகின்களையும் எங்கள் ப்ராஜெக்டில் ஓட விட்டால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், இது என்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் முடிகிறது. வேகம் என்பது சொகுசு என்று நினைத்திருந்தேன், அது தவறு. மெதுவான கருவியைக் கமிட் செய்யும்போது மட்டும் ஓட்டுவோம், அல்லது சர்வரில் ஓடட்டும் என்று விட்டுவிடுவோம், அரை மணி கழித்து மெயில் வரும், அதற்குள் மூளை வேறெங்கோ போயிருக்கும். வேகமான கருவி எடிட்டருக்குள்ளேயே ஒவ்வொரு சேவுக்கும் ஓடுகிறது. தவறு எழுதிய கை சூடு ஆறுவதற்குள் திருத்தியாகிவிடுகிறது.

இப்போது முதல் குறை. நிறுவியதும் அது வெகு சாதுவாக இருக்கிறது. நான் போட்ட பதிப்பில் இயல்பாகத் திறந்திருந்தவை எஃப் என்ற எழுத்தில் குறியீடு தொடங்கும் விதி வரிசையும், ஈ வரிசையில் ஒரு பகுதியும்தான்: பயன்படாத இம்போர்ட், அறிவிக்காத பெயர், எந்தப் பிழையைப் பிடிக்கிறது என்று சொல்லாத வெறும் எக்ஸெப்ட், இந்த மாதிரி. வரி நீளம்கூட அதில் இல்லை. எங்களுடைய 40,000 வரியில் நூற்றுச் சொச்சம் எச்சரிக்கை வந்தது, பாதிக்கு மேல் எப்போதோ இம்போர்ட் செய்து மறந்தவை. சரி, நம் நிரல் சுத்தம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

அதற்கு முந்தைய மாதம்தான் எங்களை இரண்டு நாள் அலைய விட்ட ஒரு பக்கைப் பிடித்திருந்தோம். ஒருவருக்கான அறிக்கையில் இன்னொருவரின் வரிகள் கலந்து வந்தன, எப்போதாவது மட்டும், சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். கடைசியில் பார்த்தால், ஒரு ஃபங்ஷனில் இயல்பு மதிப்பாக ஒரு வெற்று லிஸ்ட் கொடுத்திருந்தது. பைத்தானில் அந்த லிஸ்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை, ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறை பிறந்து, அழைக்கிற எல்லோரும் அதையே பகிர்ந்துகொள்கிறார்கள். முதல் ஆள் போட்டதை இரண்டாவது ஆள் எடுத்துக்கொண்டு போவார். பைத்தான் கற்கிற எல்லோரும் ஒரு முறை விழுகிற குழி, அனுபவசாலிகளும் அவசரத்தில் விழுகிற குழி. ரஃபில் இதற்குப் பி006 என்று விதியே இருக்கிறது. ஆனால் அது பக்பேர் என்ற பிளகினிலிருந்து வந்த பி வரிசை, நீங்களாகத் திறந்தால்தான் வேலை செய்யும். இந்தக் கருவியின் ஆக நல்ல விதிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம், வீட்டுக்கு நல்ல பூட்டு வாங்கிவந்து பரணில் வைத்த மாதிரி அதை மூடி வைத்திருக்கிறார்கள். பழைய ப்ராஜெக்டுகள் முதல் நாளே மிரண்டு ஓடக் கூடாது என்று அப்படிச் செய்திருப்பார்கள், காரணம் புரிகிறது. ஆனாலும் நிறுவிய கையோடு பி வரிசையைத் திறங்கள்.

மறுநாள் நாங்கள் எதிர்த்திசையில் ஓடினோம். விதிகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஆல் என்று ஒரு வார்த்தை எழுதினால் எல்லாம் திறந்துகொள்ளும் என்று படித்து, எழுதியும் விட்டோம். பதினோராயிரம் எச்சரிக்கை. அதற்கும் முன்னால், இந்த இரண்டு விதியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, ஒன்றைக் கைவிடுகிறேன் என்று கருவியே ஒரு செய்தி காட்டியது. நிரலில் ஒரு கிளாஸுக்குக் கீழே வரும் விளக்க வரிக்கு முன் ஒரு வெற்று வரி விட வேண்டும் என்று ஒரு விதி, விடவே கூடாது என்று இன்னொரு விதி. இரண்டும் உள்ளே குடியிருக்கின்றன. பல பேர் பல காலத்தில் எழுதிய பிளகின்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தால் மாமியார் மருமகள் பிரச்சினை வரத்தானே செய்யும்.

பதினோராயிரத்தில் என்னென்ன இருந்தன என்று ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பங்கு, எல்லா ஃபங்ஷனுக்கும் விளக்க வரி இல்லை என்ற புகார். அந்த விதியைத் திறந்த குழுக்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், பெயரைப் பெறு என்ற ஃபங்ஷனுக்குக் கீழே "பெயரைப் பெறுகிறது" என்று எழுதிவிட்டுப் போவார்கள், கருவிக்கும் திருப்தி. அடுத்த பெரும்பங்கு, நிரலில் நேரடியாக எழுதிய எண்களைப் பற்றி: 60 என்று எழுதாதே, அதற்கு ஒரு பெயர் வை. ஒரு நிமிடத்துக்கு 60 நொடி என்பதற்குப் பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது? அப்புறம் டெஸ்ட் ஃபைல்களில், ஒரு நிபந்தனை உண்மையா என்று சோதிக்கும் அசெர்ட்டைப் பயன்படுத்தாதே என்ற பாதுகாப்பு விதி, டெஸ்டில் அசெர்ட் இல்லாமல் வேறு என்ன செய்ய. இதை ஃபைல் வாரியாக விலக்கிவைக்க வசதி இருக்கிறது என்பதால் பெரிய குற்றமில்லை. இந்தக் குவியலுக்கு நடுவில், ஒரு மூலையில், நிரலுக்குள்ளேயே எழுதி வைத்த ஒரு கடவுச்சொல்லைச் சுட்டிக்காட்டியிருந்தது. அது உண்மையான கடவுச்சொல். மூன்று வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. பதினோராயிரத்தில் அது எத்தனையாவதாக இருந்தது என்று கேட்காதீர்கள், அதைப் பார்த்ததே அதிர்ஷ்டம்.

தினமும் புலி வருது புலி வருது என்றால் ஊரில் ஒருவனும் கம்பை எடுக்க மாட்டான். அதனால் நாங்கள் வைத்துக்கொண்ட முறை ஒன்றுதான்: ஒரு விதியைத் திறக்க வேண்டுமென்றால், அது எங்கள் நிரலில் காட்டும் முதல் இருபது எச்சரிக்கையைக் கூட உட்கார்ந்து பார்ப்போம். அதில் ஒன்றிரண்டாவது, அட ஆமாம், என்று சொல்ல வைக்க வேண்டும். இருபதும், சரி போகட்டும், என்ற ரகமாக இருந்தால் விதி மூடியே இருக்கட்டும். இப்படிப் போனதில் எஃப், ஈ, பி, இம்போர்ட் வரிசை, பைஅப்கிரேட், பாதுகாப்பில் பாதி, இவ்வளவுதான் மிஞ்சியது. சிக்கல் அளவுக்கான சி901ஐ வைத்துக்கொள்வதா என்று ஒரு வாரம் தர்க்கம். தாமஸ் மெக்கேப் 1976இல் சொன்ன கணக்கு அது, ஒரு ஃபங்ஷனுக்குள் எத்தனை கிளைவழி இருக்கிறது என்று எண்ணுவது, 10க்கு மேல் போனால் ரஃப் முனகும்.

அந்தத் தர்க்கத்துக்குக் காரணம் வேறொரு அனுபவம். இதற்கு முன்பு நான் இருந்த இடத்தில் ஒரு கட்டணக் கருவி வைத்திருந்தார்கள், பெயர் வேண்டாம். அழகான பலகை, ப்ராஜெக்டுக்கு ஏ, பி, சி என்று மதிப்பெண், சிக்கலான ஃபங்ஷன் எத்தனை என்று சிவப்பு எழுத்தில் ஒரு எண். அந்த எண் மாதாந்திரக் கூட்டத்தில் திரையில் வரும். வந்த பிறகு எல்லோரும் என்ன செய்தோம்? 14 கிளை உள்ள ஃபங்ஷனை எடுத்து, நடுவில் ஒரு வெட்டு, பாகம் ஒன்று, பாகம் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் எட்டு வேரியபிள் கைமாறும். முன்பு ஒரே இடத்தில் படித்துத் தலை சுற்றியதை இப்போது இரண்டு ஃபைல் திறந்து வைத்துப் படித்துத் தலை சுற்ற வேண்டும். எண் இறங்கியது, ஏ கிடைத்தது. மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன், அது எண்ணச் சொன்னதை எண்ணியது. ரஃப் இந்த மாதிரி மதிப்பெண் எதுவும் கொடுப்பதில்லை, பைலின்ட்கூடப் பத்துக்கு இவ்வளவு என்று போடும், இது அதுவும் இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. கடைசியில் சி901ஐ 15 என்று தளர்த்தி வைத்துக்கொண்டோம். அதைத் தாண்டுகிற ஃபங்ஷனை உடைக்கவும் சொல்லவில்லை, ரிவ்யூ செய்பவர் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தானாகத் திருத்தும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியில் நான் மிகவும் மெச்சுகிற இடமும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிற இடமும் அதுவே. ரஃப் தன் திருத்தங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது, நிரலின் நடத்தையை மாற்றாது என்று அது நம்புபவை பாதுகாப்பானவை, மாற்றக்கூடியவை பாதுகாப்பற்றவை. ஃபிக்ஸ் என்று மட்டும் சொன்னால் முதல் வகையை மட்டுமே தொடும். இரண்டாவதுக்குத் தனியாக அனுமதி கேட்கும். இந்தப் பிரிவினை எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் உதாரணம்: ஒரு மதிப்பு நன்தானா (பைத்தானில் மதிப்பே இல்லை என்பதற்கான சொல்) என்று பார்க்க இரட்டைச் சமக்குறி போடாதே, இஸ் போடு என்பது பெப்-8 சொல்லும் நல்ல அறிவுரை, ஈ711 என்ற விதி. சாதாரண நிரலில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ஆனால் டேட்டாபேஸோடு பேச உதவும் எஸ்க்யூஎல்அல்கெமி என்ற நூலகத்தில், டேபிளின் ஒரு பத்தி காலியாக இருக்கிறதா என்று தேடும் வினவலில், அந்த இரட்டைச் சமக்குறிதான் டேட்டாபேஸுக்குப் போகும் நிபந்தனையாக மாறுகிறது. அதை இஸ் என்று மாற்றினால் பைத்தான் அங்கேயே இல்லை என்று பதில் சொல்லிவிடும், நிபந்தனை டேட்டாபேஸுக்குப் போகவே போகாது, வினவல் ஒரு வரிசைகூடத் திரும்பத் தராது, பிழைச் செய்தியும் வராது. ரஃப் இந்தத் திருத்தத்தைப் பாதுகாப்பற்றது என்றுதான் குறித்திருக்கிறது. நாங்கள்தான் ஆர்வக்கோளாறில் எல்லா அனுமதியும் கொடுத்து ஓட்டினோம். டெஸ்ட் பிடித்துக்கொண்டது, பிழைத்தோம். அந்த மாதிரி இடத்தில் நன் பார்ப்பதற்கென்றே அந்த நூலகத்தில் தனி மெத்தட் இருக்கிறது, அதைக் கையால் மாற்றி எழுதினோம்.

பாதுகாப்பானவை என்று சொல்லப்படுகிறவற்றிலும் கண் வைக்க வேண்டும். பயன்படாத இம்போர்ட் என்று அது நினைப்பது, இம்போர்ட் ஆகும்போதே எதையாவது பதிவு செய்துகொள்ளும் மாட்யூலாக இருக்கலாம். பெயர் எங்கும் பயன்படாது, ஆனால் வரி இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். ஒரே ஃபைலைப் பார்க்கிற கருவிக்கு அது தெரிய வழியில்லை. அந்த வரியில் ஏன் இருக்கிறது என்று ஒரு கமென்ட்டும் விலக்குக் குறிப்பும் போட்டுவிடுங்கள்.

கருவி சொல்கிறதே என்று வரியைத் தூக்கினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. 2006இல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் தொகுப்பைப் பராமரித்தவர்கள், தொடக்க மதிப்பு இல்லாத நினைவகத்தைப் படிக்கிறது என்று வால்கிரைண்ட் என்ற கருவி எச்சரித்ததால் நிரலில் வரிகளை நீக்கினார்கள். அதில் ஒன்று, மறையாக்கச் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மையைச் சேர்க்கிற வரி. அப்புறம் மிஞ்சிய தற்செயல், ஓடும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் ப்ராசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்பு. 2008 மே மாதம்தான் வெளியே வந்தது. வால்கிரைண்ட் ஓட விட்டுப் பார்க்கிற கருவி, ரஃப் படித்துப் பார்க்கிற கருவி, வேறு ஜாதிதான். ஆனால் எச்சரிக்கையை ஒழித்தால் போதும் என்று கை பரபரப்பது இரண்டிலும் ஒன்றே.

எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டதற்குக் காரணம், சி நிரலில், ஃபெயில் என்ற இடத்துக்குத் தாவச் சொல்லும் கோட்டூ ஃபெயில் என்ற ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்ததுதான். அடைப்புக்குறி இல்லாத இஃப்புக்குக் கீழே இரண்டாவது வரி, உள்தள்ளல் மட்டும் பொய் சொல்லிக்கொண்டு நின்றது. அதனால் அதற்குப் பிறகு வரும் கையொப்பச் சோதனைக்கு நிரல் போகவே இல்லை. எட்ட முடியாத நிரல் என்ற எச்சரிக்கையைத் திறந்து வைத்திருந்தால் சிக்கியிருக்கும், அடைப்புக்குறி கட்டாயம் என்ற வெறும் எழுத்துநடை விதி இருந்திருந்தாலும் அந்த இரண்டாவது வரி யாரையும் கெடுத்திருக்காது. எழுத்துநடை வேறு, பக் வேறு என்று நானும் பல வருடம் பேசியவன். எப்போதும் அப்படிப் பிரித்துவிட முடியாது போல.

நிரலின் தோற்றத்தைத் தானே ஒழுங்கு செய்யும் ஃபார்மேட்டர் பகுதி 2023இல் சேர்ந்தது. பிளாக் என்ற முந்தைய ஃபார்மேட்டரைப் பயன்படுத்தியவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, வரி நீளம்கூட அதே 88. இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வேலை செய்கிறது. எங்கள் ரிவ்யூவில் ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா, கடைசிக் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று ஓடிய நாற்பது கமென்ட் நீளும் விவாதங்கள் நின்றுபோயின. எங்களில் ஒருவர் இன்னும் பிடிவாதமாக ஒற்றை மேற்கோளில்தான் தட்டுகிறார். சேவ் செய்ததும் இரட்டையாக மாறுகிறது, அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

செய்யாதவை பற்றி. வகைச் சோதனை ரஃபின் வேலை இல்லை, எண் எதிர்பார்க்கிற இடத்தில் எழுத்துச் சரத்தை அனுப்பினால் அது பேசாமல் இருக்கும், அதற்கு மைபை போன்ற ஒன்று தனியாக வேண்டும். ஃபைல் தாண்டி யோசிப்பது மிகக் குறைவு, இல்லாத மெத்தடை அழைக்கிறாய் என்று பைலின்ட் ஊகித்துச் சொல்கிற பலவற்றை இது சொல்லாது. ஒரே நிரலை இரண்டு ஃபைலில் நகலெடுத்து ஒட்டியிருப்பதைப் பைலின்ட் கண்டுபிடிக்கும், நான் அதற்காக மாதம் ஒரு முறை பைலின்டையும் ஓட்டுகிறேன். உங்கள் குழுவுக்கென்று சொந்த விதி எழுதிச் செருகவும் ரஃபில் வழியில்லை, பிளகின் எழுதிப் பழகிய ஃப்ளேக்8 ஆட்களுக்கு இது உறுத்தும். அப்புறம், தள்ளுபடியைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தால் எந்த லின்டரும் கேட்காது. வரி அழகாக இருக்கும், இம்போர்ட் வரிசையாக இருக்கும், கணக்கு தப்பாக இருக்கும்.

பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். இன்னும் பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள்தான், ஒவ்வொரு நடுத்தர அப்டேட்டிலும் சில விதி நிலைபெறும், சிலவற்றின் குறியீடு மாறும். பூட்டாமல் விட்டால், யாரும் ஒரு வரி மாற்றாத நாளில் பில்டு சிவப்பாகி நிற்கும்.

பழைய பெரிய ப்ராஜெக்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வழி. எல்லாவற்றையும் திருத்திவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்காராதீர்கள். இருக்கிற எச்சரிக்கைகளுக்கெல்லாம் நோக்யூஏ என்ற விலக்குக் குறிப்பைத் தானே எழுதிவிடும்படி ஒரு வசதி இருக்கிறது. அதை ஒரு முறை ஓட்டிவிட்டு, அன்றிலிருந்து புதிதாக எழுதுவதை மட்டும் பிடியுங்கள். பழைய குறிப்புகளை அந்த ஃபைலைத் தொடும்போது எடுத்தால் போதும். பிரச்சினை போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெட்டிக் குறிப்புகளை ரஃப்100 என்ற விதி காட்டிக்கொடுத்துவிடும். குறிப்பில் விதியின் எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாத வெறும் நோக்யூஏ அந்த வரியில் நாளைக்கு வரப்போகிற தவறுக்கும் சேர்த்து மன்னிப்புக் கொடுத்துவிடும். நாங்கள் 412 குறிப்போடு தொடங்கினோம், இப்போது 61. அதில் ஒன்பது, யாரும் கை வைக்கப் பயப்படுகிற ஒரே ஒரு ஃபைலில் இருக்கின்றன. அந்த ஃபைலை எழுதியவன் நான்தான்.